பதிவானது

என் வீட்டுக்காரரின் அக்காவுக்குக் குடும்பத்தில் வழங்கும் பெயர் சூப்பிரண்டு. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட இதுவரை யாருக்கும் தைரியம் வந்ததில்லை. நானும் வாயால் அண்ணி என்பேன், மனசுக்குள் மட்டும் மற்றது. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றிக்கொள்வார். பத்தொன்பது வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, கண்ணாடிக் குழாயைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொல்வார். அக்காவை அவர் எங்கேயும் விட்டுக்கொடுத்ததில்லை.

நான் டிரைவர் எழுதுகிறவள். கல்யாணமான புதிதில் அண்ணி என்னிடம் என்ன வேலை என்று கேட்டார். இதைச் சொன்னேன்.

"எழுதுறியா, ஓட்டுறியா?"

"எழுதுறேன் அண்ணி. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற டிரைவர்."

"உள்ள உக்காந்துகிட்டு எங்க ஓட்டும்?"

அன்று ஆரம்பித்தது. பதினோரு வருஷமாக எந்தக் கூட்டத்திலும் என்னை "தம்பி பொண்டாட்டி, டிரைவரா இருக்கா" என்றுதான் அறிமுகம் செய்வார். ஒருமுறை பெரியப்பா முறையில் ஒருவர் லாரியா பஸ்ஸா என்று என்னிடம் அக்கறையாக விசாரித்தார். அண்ணி பக்கத்தில் நின்று முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த அண்ணி வேலை செய்கிற இடத்துக்கே நான் டிரைவர் எழுதும்படி ஆனது தற்செயல்தான். மூன்று வருஷம் முன்னால் அவர்கள் பரிசோதனை முடிவுகளைப் பதிந்துவந்த பழைய கணினி ஒருநாள் கண்ணை மூடிவிட்டது. அதில் ஓடிய மென்பொருளோ அதைவிடப் பழசு. எழுதியவர்கள் கடையைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். புதிய கணினியில் அது ஏறாது. அதனால் எங்கள் கம்பெனி ஒரு பெரிய சர்வருக்குள் அந்தப் பழைய கணினியைப்போலவே ஒரு பொய்க் கணினியை உண்டாக்கி, மென்பொருளை அதற்குள் குடிவைத்தது. அதற்குத் தான் இருப்பது பொய் வீடு என்று தெரியாது. அதற்குக் காட்டுகிற டிஸ்க்கும் பொய்தான், சர்வர்தான் டிஸ்க் மாதிரி நடிக்கிறது. அந்தப் பொய் டிஸ்க்கோடு பழைய மென்பொருள் பேசுவதற்கு நடுவில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டிரைவர். அதை எழுதியது நான்.

அந்தப் பேச்சில் ஒரு முறை உண்டு. கணினி கண் விழிக்கும்போது பொய் டிஸ்க் முதலில் வாயைத் திறந்து, எனக்கு இன்னின்ன வசதிகள் தெரியும் என்று ஒரு பட்டியலை நீட்டும். டிரைவர் அதைப் படித்து, தனக்குத் தெரிந்ததற்கு மட்டும் டிக் போட்டுத் திருப்பித்தர வேண்டும். தெரியாததை விட்டுவிட வேண்டும். டிக் போட்டதை மட்டும்தான் பிறகு இரண்டு பேரும் பயன்படுத்துவார்கள். இதில் மானம் பார்க்க ஒன்றுமில்லை, தெரியாது என்று சொல்வதற்காகவே ஏற்படுத்திய முறை அது.

இனி நடந்ததற்கு வருகிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்குப் பரிசோதனைக் கூடத்தில் கரண்ட் போனது. சர்வருக்குப் பக்கத்திலிருந்த பேட்டரி பத்து விநாடிகூடத் தாங்கவில்லை. கரண்ட் வந்து எல்லாம் எழுந்த பிறகு பார்த்தால், மதியம் இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பிறகு ஒரு முடிவுகூடப் பதிவில் இல்லை. அந்த நேரத்தில் கணினி முன்னால் இருந்தது அண்ணி ஒருத்தர்தான். முப்பத்தொரு பேருடைய ரத்தத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பதிந்தேன் என்றார். கணினியோ அப்படி எதுவும் வரவேயில்லை என்றது. பரிசோதனை மெஷின் அச்சடித்துத் தரும் சீட்டுகளைப் பதிந்ததும் கிழித்துப்போட வேண்டும் என்பது அங்கே விதி. அண்ணி விதி தவறாதவர். கிழித்துப்போட்டிருந்தார்.

பெரிய டாக்டருக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. பதியவில்லை என்பதல்ல, பரிசோதனையே செய்யாமல் ரத்தத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார் என்று. அடுத்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை வைத்தார். அதில் நிரூபணமானால் வேலை போகும். அதோடு, பார்க்காத ரத்தத்தைப் பார்த்ததாகச் சொன்னவர் என்ற பெயரோடு வேறு எந்தக் கூடத்திலும் அண்ணியைச் சேர்க்க மாட்டார்கள்.

திங்கள்கிழமை அண்ணி எனக்கு போன் செய்தார். தம்பிக்குச் செய்யாமல் எனக்கே செய்தது அதுதான் முதல் தடவை.

"ஏம்மா, நான் போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் 'பதிவானது'ன்னு வந்துச்சு. அது வந்த பிறகுதான் சீட்டைக் கிழிச்சேன். முப்பத்தொண்ணும் அப்படித்தான்."

"சரி அண்ணி, பாக்கிறேன்."

"பாக்கிறேன்னு சொல்லாத. பாத்துட்டுச் சொல்லு. வெள்ளிக்கிழமைக்குள்ள."

போனை வைத்ததும் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. ஊரில் எல்லோருடைய டம்ளரையும் தூக்கிப் பார்க்கிறவர் ஒருநாள் அசந்துவிட்டார், அதை ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வரவில்லை என்று நினைத்தேன். ஏனென்றால் என் டிரைவர் மூன்று வருஷமாக ஒரு எழுத்தைக்கூடத் தொலைத்ததில்லை.

இருந்தாலும் வேலையை வேலையாகத்தான் செய்தேன். செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் அந்தப் பொய்க் கணினிக்கு ஒரு நகல் எடுத்து, அது எப்படி எழ வேண்டும் என்று சொல்கிற, மூன்று வருஷம் முன்னால் நான் வைத்திருந்த அமைப்புக் கோப்பைத் தேடிப் பிடித்து, அப்படியே எழுப்பினேன். இல்லாத முப்பத்தொரு பேருக்கு ரத்த அளவுகளை எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் "பதிவானது" வந்தது. உடனே சர்வரின் ஒயரைப் பிடுங்கினேன். மறுபடி எழுப்பிப் பார்த்தேன். முப்பத்தொன்றும் இருந்தன. மூன்று தடவை பிடுங்கிப் பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே இருந்தன.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"மெஷின்ல ஒரு தப்பும் இல்லீங்க."

"அப்படின்னா அக்கா?"

"நான் ஒண்ணும் சொல்லல. மெஷின்ல தப்பில்லன்னு மட்டும்தான் சொல்றேன்."

அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. திரும்பி வந்து, "சொல்லிட்டேன்" என்றார். அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல. வச்சிட்டா." எங்கள் சூப்பிரண்டு ஒன்றும் சொல்லாமல் போனை வைத்தார் என்பதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் பாத்திரம் கழுவப் போனேன்.

எங்கள் பிரிவில் சர்வர் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் இருக்கிறார். அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்திருக்கிறோம். லிஃப்டில் எந்த மாடி என்று கேட்டால் யோசித்துச் சொல்வார். புதன்கிழமை மதியம் என் மேஜை பக்கம் வந்து, நான் எழுதிக்கொண்டிருந்த அறிக்கையை நின்றபடி படித்தார். படித்து முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அதைவிட இரண்டு மடங்கு நேரம் நின்றார்.

"எந்த அமைப்புல வச்சுப் பாத்தீங்க?"

"நாம குடுத்த அமைப்புதான். மூணு வருஷத்துக்கு முந்தினது."

"அங்க இப்ப அது இல்லையே. போன மாசம் நான் சர்வரைப் புதுசாக்கினேன்ல?"

"அதனால என்ன?"

"பொய் டிஸ்க்கும் புதுசு. அது நீட்டுற பட்டியல் கொஞ்சம் பெருசு." தலையைச் சொறிந்தார். "உங்க டிரைவர் தெரியாததை விட்டுடும்தானே?"

"விட்டுடும்" என்றேன். என் வாய் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை புதிய அமைப்புக் கோப்பைத் தேடத் தொடங்கியிருந்தது.

புதிய அமைப்பை வைத்து நகலை எழுப்பினேன். முப்பத்தொரு முடிவுகளை எழுதினேன், ஒவ்வொன்றுக்கும் அதே "பதிவானது" வந்தது. ஒயரை நிதானம்தான் பிடுங்கினார். எழுப்பிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. இல்லாத முப்பத்தொரு பேரும் நிஜமாகவே இல்லாமல் போயிருந்தார்கள்.

காரணம் தெரிந்துகொள்ள அதற்குமேல் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. புதிய டிஸ்க் நீட்டிய பட்டியலில் ஒரு வசதி இருந்தது. நீ எழுதச் சொல்வதை நான் உடனே டிஸ்க்கில் இறக்கமாட்டேன், வேகத்துக்காக நினைவிலேயே வைத்திருப்பேன், இறக்கு என்று நீ கேட்கும்போது இறக்குவேன், சம்மதமா என்பது அதன் பொருள். சம்மதமில்லை என்றால் பழையபடி உடனுக்குடன் இறக்கிவிடும். என் டிரைவர் சம்மதம் என்று டிக் போட்டிருந்தது. ஆனால் இறக்கு என்று கேட்க அதற்குத் தெரியாது, அப்படி ஒரு சொல்லே அதில் நான் எழுதவில்லை. டிரைவர் கேட்கும் என்று டிஸ்க் காத்திருந்தது. நினைவு நிறைந்தால் மட்டும் ஒரு மூட்டையாகக் கட்டி இறக்கியது. அந்த வெள்ளிக்கிழமை கடைசி மூட்டை இறங்கியது இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு. அதற்குப் பிறகு அண்ணி பதிந்ததெல்லாம் நினைவில் இருந்தபடியே கரண்டோடு போயிருக்கிறது.

தெரியாததற்கு என் டிரைவர் எப்படி டிக் போட்டது? கோப்பைத் திறந்தேன். டிக் போடுகிற இடத்தில் ஒரே ஒரு வரி இருந்தது. நீட்டிய பட்டியலை அப்படியே நகல் எடுத்துத் திருப்பிக் கொடு என்கிற வரி. வருவதற்கெல்லாம் ஆமாம் சாமி போடுகிற வரி. நான் எழுதிய அன்றைக்குப் பட்டியலில் இருந்தவை ஆறு, ஆறும் எனக்குத் தெரிந்தவை, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க நேரமில்லை. அந்த வரிக்கு மேலே எனக்கு நானே ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தேன்: "அப்புறம் பார்க்கலாம்."

மூன்று வருஷமாக நான் அப்புறம் பார்க்கவில்லை.

நிதானம் அந்தக் குறிப்பைப் படித்தார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பரிசோதனைக் கூடத்துக் கணினிக்கு மட்டும் அந்த வசதியை நீட்டாதபடி அமைப்புக் கோப்பில் மாற்றினார். நீட்டாவிட்டால் டிக் போட முடியாது, டிக் இல்லாவிட்டால் டிஸ்க் உடனுக்குடன் எழுதும். நான் டிரைவரில் அந்த வரியை எடுத்துவிட்டு, தெரிந்த ஆறுக்கு மட்டும் டிக் போடும்படி எழுதினேன். மறுபடி ஒயரைப் பிடுங்கிப் பார்த்தோம். முப்பத்தொன்றும் இருந்தன. முன்னைவிட மெதுவாகியிருந்தது, "பதிவானது" வர மூன்று விநாடி எடுத்தது.

"அறிக்கையில என்ன எழுதப் போறீங்க?" என்று கேட்டார்.

"தெரியல."

"நான் புதுசாக்கினதாலதான் வந்துச்சுன்னு எழுதினாலும் பொய்யில்ல. கரண்ட் போனதாலன்னு எழுதினாலும் பொய்யில்ல."

அவர் எனக்கு வழி சொல்லித்தரவில்லை, இருக்கிற கதவுகளைக் காட்டினார், அவ்வளவுதான். வியாழக்கிழமை காலை நான் அதில் ஒன்றைத் திறக்கவும் செய்தேன். "மின்தடையின்போது சில பதிவுகள் இழக்கப்பட்டிருக்கலாம்" என்று எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடவை படித்தபோது அந்த "இருக்கலாம்" கண்ணை உறுத்தியது. இழக்கப்பட்டிருக்கலாம் என்றால் இழக்கப்படாமலும் இருந்திருக்கலாம். அந்த ஒரு சொல் என்னைக் கரையேற்றிவிடும், அண்ணியை அப்படியே நடு ஆற்றில் விட்டுவிடும். அழித்தேன். முப்பத்தொரு முடிவுகளும் முறையாகப் பதியப்பட்டவை என்று எழுதினேன். தவறு டிரைவரில் என்று எழுதினேன். அதற்குக் கீழே எழுதியவர் என்று போட்டு என் பெயரை எழுதினேன். எங்கள் மேலாளர் படித்துவிட்டு, அந்தக் கடைசி வரி அவசியமா என்று கேட்டார். அவசியம் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்காரரிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். அவர் நான் பேசி முடிக்கும்வரை கேட்டார். பிறகு, "அக்காகிட்ட நான் சொல்லட்டுமா?" என்றார். வேண்டாம், ஏற்கெனவே நீங்கள் சொல்லிய லட்சணம் போதும் என்று சொல்ல வந்தது. அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன். நானே போகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முன்பே போய்விட்டேன். பெரிய டாக்டரின் அறையில் சுவரோரமாக இரண்டு நாற்காலி. ஒன்றில் அண்ணி மடியில் ஒரு கோப்போடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கோப்பில் பத்தொன்பது வருஷத்துச் சான்றிதழ்கள் இருந்தன என்று பிறகு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை, வா என்றும் சொல்லவில்லை. டாக்டர் என்னிடம் யார் என்று கேட்டார்.

"எங்க டிரைவர்" என்றார் அண்ணி.

அதில் கேலி இல்லை. என்னைக் கூப்பிட அவரிடம் வேறு வார்த்தை இல்லாததுபோல் இருந்தது.

அறிக்கையை டாக்டரிடம் கொடுத்தேன். அவர் படிக்கப் படிக்க நான் வாயாலும் சொன்னேன். பட்டியல், டிக், இறக்கு என்று கேட்கத் தெரியாத டிரைவர், எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ பதிவானதுன்னு வந்தது?"

"பொய் சார். பதிவாகாமலேயே பதிவானதுன்னு சொல்லியிருக்கு. இவங்க முப்பத்தொண்ணும் போட்டிருக்காங்க. தப்பு என்னோடது."

"உங்க கம்பெனியோடதா?"

"என்னோடது சார். அந்த வரியை எழுதினது நான்."

டாக்டர் அறிக்கையின் கடைசி வரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அண்ணி பக்கம் திரும்பி, "நான் உங்களை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அண்ணி தலையை மட்டும் அசைத்தார். விசாரணை அதோடு முடிந்தது. முப்பத்தொரு பேரையும் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும், இன்றே தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னார்.

வெளியே தாழ்வாரத்தில் அண்ணி முன்னால் நடந்தார், நான் பின்னால். தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்றார். காகித டம்ளர் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை, நேராகத் தண்ணீர் பிடித்துக் குடித்தார். அதைப் பார்த்துத்தான் அந்த ஒரு வாரம் அவருக்கு எப்படிப் போயிருக்கும் என்று எனக்கு உறைத்தது.

"ஒண்ணு கேக்கிறேன்" என்றார். "நீயும் நான் போடலன்னுதான் நெனச்சியா?"

இல்லை அண்ணி என்று சொல்லியிருக்கலாம். அது நாக்கு நுனியில் இருந்தது. கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவதில் என் டிரைவருக்கு நான் சளைத்தவள் இல்லை.

"ஆமா அண்ணி. நெனச்சேன்."

"ம்."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

டம்ளரை நசுக்கித் தொட்டியில் போட்டார். "அது இருக்கட்டும். வந்து போன் போடு. முப்பத்தொரு பேரு இருக்காங்க, பாதி நீ கூப்பிடு. ஏன் மறுபடி வரணும்னு கேட்டா மெஷின் தப்புன்னு சொல்லாத."

"என்னன்னு சொல்லட்டும்?"

"டாக்டர்கிட்ட என்னன்னு சொன்ன? அதையே சொல்லு."

பதினாறு பேரைக் கூப்பிட்டேன். பதினாறு தடவை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். ஒருவர் திட்டினார், ஒரு அம்மா பரவாயில்லை கண்ணு என்றார், ஒருவர் நீங்க யார் என்று கேட்டார். டிரைவர் எழுதுகிறவள் என்றேன். ஆம்புலன்ஸ் டிரைவரா என்றார். பக்கத்து மேஜையில் அண்ணியின் தோள் லேசாகக் குலுங்கியது. திரும்பிப் பார்த்தேன், அதற்குள் முகம் பழையபடி ஆகிவிட்டது.

மதியம் இரண்டு மணிக்கு முதல் ஆள் வந்தார். அண்ணி ரத்தம் எடுத்தார், மெஷினில் வைத்தார், சீட்டு வந்ததும் கணினி முன்னால் உட்கார்ந்து எண்களை அடித்தார். நான் பின்னால் நின்றேன். கடைசிப் பொத்தானை அழுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினேன். "பதிவானது" என்று வந்தது.

அண்ணி சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கிழிக்கலாமா?"

"கிழிங்க அண்ணி. இப்ப நிஜமாவே பதிவாயிடுச்சு."

திரையை இன்னொரு தடவை படித்தார். என்னை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சீட்டை நான்காக மடித்து இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அடுத்த ஆளை வரச்சொல்லு" என்றார்.